சத்திரக்காரனின் ஊழியம்

தியானப் பகுதி: லூக்கா 10:25–37



நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். விலகிப் போன ஆசாரியனையும் லேவியனையும் பற்றிப் பிரசங்கங்கள் உண்டு. மனதுருகி நின்ற சமாரியனைப் பற்றியும் உண்டு. கதையின் கடைசியில் வருகிற சத்திரக்காரனை மட்டும் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவனுக்குப் பெயர் இல்லை. அவன் பேசியதாக ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. ஆயினும் காயப்பட்டவன் பிழைப்பது அவன் கையில் இருக்கிறது. சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான், அந்த இரவு கூட இருந்து பராமரித்தான், மறுநாள் இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தான். அதன்பின் கஞ்சி கொடுத்தவனும், கட்டு மாற்றியவனும், இரவில் முனகல் கேட்டு எழுந்தவனும் சத்திரக்காரனாகத்தான் இருக்க வேண்டும். குணமாகும்வரை ஓர் அறை. குணமானபின் வாசல்வரை வந்து வழியனுப்புதல். அதுவே அவன் ஊழியம்.

நம் சபையைச் சேர்ந்த சில குடும்பங்கள் கைவிடப்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் தங்கள் வீடுகளில் சில வாரங்கள் வளர்த்து, பிறகு நல்ல குடும்பங்களிடம் ஒப்படைத்து வருவதை நீங்கள் அறிவீர்கள். "இது சபை செய்ய வேண்டிய வேலையா?" என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். கேட்டவர்கள் அன்போடுதான் கேட்டீர்கள். ஆகவே இவ்வாரம் அதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இது திட்டமிட்டுத் தொடங்கிய பணி அன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்ததை யாரும் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இராணுவத்தினர் வந்து மக்களை மீட்டனர். தண்ணீர் வடியத் தொடங்கியபோது உணவுப் பொட்டலங்களோடு சென்ற நம் வாலிபர்கள், ஒரு மாடிப்படியின் கீழ் மூன்று நாய்க்குட்டிகளைக் கண்டார்கள். தாய் நாயைக் காணவில்லை. வீட்டுக்காரர்களோ தங்கள் பாயையும் பாத்திரத்தையும் காப்பாற்ற முடியாமல் நின்றார்கள். வாலிபர்கள் குட்டிகளைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். அன்றிரவு மூன்று குட்டிகளும் மூன்று வீடுகளுக்குப் போயின. அப்படித்தான் ஆரம்பம்.

இத்தகைய ஆரம்பம் புதிதன்று. 1959-ல் சென்னை தியாகராய நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. பிள்ளைகளும் சேர்ந்து கவனித்த அந்த வீட்டிலிருந்துதான் இந்தியாவின் பெயர்பெற்ற விலங்கு நல அமைப்புகளில் ஒன்றான புளூ கிராஸ் பிறந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதால் அவற்றின் எண்ணிக்கை குறையாது, கருத்தடை அறுவை சிகிச்சையும் தடுப்பூசியுமே வழி என்று 1960-களிலேயே அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1990-களின் நடுப்பகுதி ஆயிற்று. ஒரு வீட்டின் வராந்தாவில் தொடங்கிய இரக்கம் ஒரு நகரத்தின் நடைமுறையாவதற்கு முப்பது ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

நம்மிடம் காப்பகக் கட்டடம் இல்லை. கட்டும் எண்ணமும் இல்லை. வாலிபர்கள் 'ஃபாஸ்டர்' என்று சொல்வதை நான் 'அடைக்கல வீடு' என்று சொல்கிறேன். கட்டடத்தைவிட வீடு நல்லது என்பதற்குக் காரணங்கள் உண்டு. தடுப்பூசி போடாத பல குட்டிகளை ஒரே கூடத்தில் அடைத்தால், ஒன்றுக்கு வந்த பார்வோ நோய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே அந்நோய் கண்ட வீட்டில் பல மாதங்களுக்கு வேறு இளங்குட்டியை நாங்கள் வைப்பதில்லை. மேலும், மிக்சி சத்தத்தையும் பிள்ளைகளின் ஓட்டத்தையும் வாசல் மணியையும் பழகிக்கொண்ட குட்டி, நாளைக்குத் தன் சொந்த வீட்டில் பயமின்றி வாழும். கூண்டில் வளர்ந்த குட்டிக்கு இவை எல்லாம் பேரிடி.

எல்லாத் தெருநாய்களையும் நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவருவதுமில்லை. தெருவில் ஆரோக்கியமாக வாழ்கிற வளர்ந்த நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதே 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வகுத்த பொதுவான முறை. அது உள்ளாட்சியும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளும் செய்ய வேண்டிய பணி. தாயை இழந்த குட்டிகள், அடிபட்டுத் தேறி வருபவை, வீடு மாறும்போது விட்டுச்செல்லப்பட்ட வயதான செல்லப்பிராணிகள் ஆகிய இவைகளுக்குத்தான் அடைக்கல வீடு.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். "மனிதர் பசியோடிருக்கையில் நாய்க்குச் சோறா?"

வேதம் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதில்லை. நீதிமான் தன் மிருகத்தின் உயிரைப்பற்றியும் அக்கறை கொள்கிறவன் என்கிறது நீதிமொழிகள் 12:10. ஓய்வுநாள் கட்டளை மாட்டையும் கழுதையையும் சேர்த்தே இளைப்பாறச் சொல்லுகிறது. யோனாவின் புத்தகம் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள்: நினிவேயின் மேல் தாம் ஏன் இரங்கக் கூடாது என்று கேட்கிற தேவன், அங்குள்ள இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதரை எண்ணிவிட்டு, மிருகஜீவன்களையும் சேர்த்து எண்ணுகிறார். யாத்திராகமம் 23:5 இன்னும் ஆழமானது. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையின் கீழ் விழுந்து கிடந்தால், கண்டும் காணாததுபோல் போகாதே, அவனோடு சேர்ந்து தூக்கிவிடு என்பது அதன் கருத்து. கழுதைக்குக் காட்டும் இரக்கம் இரண்டு பகைவர்களை ஒரே சுமையின் இரு பக்கமும் நிறுத்திவிடுகிறது.

சபை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. உலகின் முதல் தேசிய விலங்கு நலச் சங்கம் 1824-ல் லண்டனில் ஒரு காபிக் கடையில் கூடிய கூட்டத்தில் உருவாயிற்று. கூட்டத்தை அழைத்தவர் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கன் போதகர். வந்திருந்தவர்களில் வில்லியம் வில்பர்போர்ஸ் இருந்தார். தாமஸ் பவெல் பக்ஸ்டன் இருந்தார். இருவரும் அடிமை முறையை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடியவர்கள். சங்கிலியில் கட்டப்பட்ட மனிதனுக்காக அழுத அதே கண்கள் சாட்டையடிபட்ட குதிரைக்காகவும் அழுதன. புரூம் தம் திருச்சபைப் பொறுப்பையே விட்டுவிட்டு இப்பணியில் இறங்கினார். சங்கத்தின் கடன்களுக்காகச் சிறைக்கும் போனார். அவருக்குப்பின் சங்கத்தைத் தாங்கி நடத்தியவர் லூயிஸ் கோம்பர்ட்ஸ் என்னும் யூதர். இரக்கம் ஒரு பானைத் தண்ணீர் என்றால், நாய்க்கு ஊற்றியது மனிதனுக்குக் குறைந்துவிடும். அனுபவத்தில் அது ஊற்றாகவே இருக்கிறது. இறைக்க இறைக்கச் சுரக்கிறது. குட்டிகளை எடுத்துவந்த வாலிபர்கள், அன்று உணவுப் பொட்டலம் கொடுக்கப் போன வழியில்தான் அவற்றைக் கண்டார்கள் என்பதை மறவாதிருங்கள்.

நம் ஊருக்கும் இந்த மனம் உண்டு. 2022 நவம்பர் 30 காலை, மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போது சாய்ந்து உயிர்விட்ட நாளில், மதவேறுபாடின்றி மக்கள் திரண்டு நின்று கண்ணீர் விட்டார்கள். ஓர் ஊர் ஒரு மிருகத்துக்காக அழ முடியும் என்பதை அன்று பார்த்தோம்.

இரண்டாம் கேள்வி கடினமானது. அதை எழுப்பியவர் நம் சபையின் மூப்பர் ஒருவர். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். சபைக்குழுக் கூட்டத்தில் இப்பணியைப்பற்றிப் பேச்சு வந்தபோது அவர் எழுந்து, "என் தம்பி ஆறு வயதில் நாய்க்கடியால் செத்தான். கடித்தது பெரிய நாயல்ல, கையில் வைத்து விளையாடிய குட்டி. காயத்தில் சுண்ணாம்பு தடவினார்கள். ஒரு மாதம் கழித்துத் தண்ணீரைப் பார்த்தாலே நடுங்கினான். ஐயா, எனக்கு இரக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள்," என்றார். கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

அவர் அச்சம் நியாயமானது. ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. உலகில் அந்நோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டினர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பலர் சிறுவர். அதே சமயம், அது முற்றிலும் தடுக்கக்கூடிய நோய். 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிய நாள்முதல் மருந்து மனிதன் கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியது இது: கடியோ நகக்கீறலோ எதுவானாலும், உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கி, சொன்ன நாட்களில் தவறாமல் போட்டு முடியுங்கள். குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

மூப்பரின் சாட்சியைக் கேட்டபின் சபைக்குழு பணியை நிறுத்தவில்லை, ஒழுங்குபடுத்தியது. குட்டிகளைக் கையாளுகிறவர்கள் தாங்கள் முதலில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வரும் குட்டி இரண்டு வாரம் தனித்திருக்க வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் ரேபிஸ் ஊசி போட வேண்டும். அதற்கு முந்தைய ஊசிகளும் குடற்புழு நீக்க மருந்தும் கால்நடை மருத்துவர் சொன்ன தேதியில் நடக்க வேண்டும். இவையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவர் யார் தெரியுமா? அந்த மூப்பர்தான். இன்றுவரை அவர் ஒரு நாயையும் தொட்டதில்லை; தொடும்படி யாரும் அவரைக் கேட்பதுமில்லை. ஊசித் தேதி ஒரு நாள் தள்ளினால் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரும். அவர் தம்பியின் மரணம் நம் சபையில் பல பிள்ளைகளுக்குக் காவலாக நிற்கிறது. அன்பு எல்லாருக்கும் ஒரே வடிவில் வருவதில்லை, பிரியமானவர்களே.

இனி, மனதில் பாரமாயிருக்கிற ஒன்று. சென்ற மழைக்காலத்தில் ஒரு மனிதர் ஐந்து பூனைக்குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து ஆலய வாசலுக்குக் கொண்டுவந்தார். கண் திறக்காத குட்டிகள். இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவும் பகலும் பால் ஊட்ட வேண்டும். கதகதப்பு குறைந்தால் இறந்துவிடும். நம் நான்கு அடைக்கல வீடுகளும் அப்போது நிறைந்திருந்தன. ஒரு வீட்டில் பார்வோவிலிருந்து தேறிவரும் குட்டி. இன்னொரு வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. பொறுப்பாளரான சகோதரி, "இப்போது இடமில்லை ஐயா. தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கலாம். எடுத்த இடத்திலேயே மழை படாமல் வையுங்கள், தூரத்திலிருந்து சில மணி நேரம் பாருங்கள், பெரும்பாலும் தாய் வந்துவிடும்," என்று சொல்லி, ஒரு பழைய போர்வையும் கொடுத்தார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டார். "இதுதான் உங்கள் கிறிஸ்தவமா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியோடு போனார். அந்தக் குட்டிகள் என்னவாயின என்று எங்களுக்குத் தெரியவரவில்லை.

அன்றிரவு எனக்கு லூக்கா எழுதின இன்னொரு சத்திரம் நினைவுக்கு வந்தது: இரட்சகர் பிறந்த இரவில் இடமில்லாதிருந்த சத்திரம். நம் தமிழ் வேதாகமம் இரண்டு இடத்திலும் சத்திரம் என்ற ஒரே சொல்லைப் போட்டிருக்கிறது. கிரேக்க மூலத்தில் அவை வெவ்வேறு சொற்கள். இரண்டாம் அதிகாரத்திலுள்ள சொல் விருந்தினர் தங்கும் அறையையும் குறிக்கும். பத்தாம் அதிகாரத்திலுள்ள சொல்லுக்கு 'எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடம்' என்று பொருள். எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடமாக ஒரு வீடும் இருக்க முடியாது. நான்கு குட்டிகளுக்கு உரிய இடத்தில் பதினான்கை வைத்தால், சில வாரங்களில் நோயும் சலிப்பும் அண்டைவீட்டார் சண்டையும் அந்த இடத்தை இரக்கமற்ற இடமாக்கிவிடும். "இடமில்லை" என்று உண்மை பேசிய சகோதரி, உள்ளே இருந்த உயிர்களுக்கு உண்மையாயிருந்தார். ஆனாலும் வாசலில் நின்ற பெட்டி நம்மை விட்டுப் போகவில்லை. எல்லாரையும் ஏற்கும் சத்திரம் ஒரு வீட்டில் அடங்காது. பல வீடுகள் சேர்ந்தால் ஒருவேளை அடங்கும். ஐந்தாம் வீடும் ஆறாம் வீடும் வேண்டும்.

அதற்கும் மேலாக, இருக்கிற வீடுகளில் வெளியே போகும் வாசல் திறந்திருக்க வேண்டும். வளர்த்த குட்டியை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டால், அடுத்த குட்டிக்கு அந்த வீடு மூடப்பட்டுவிடும். இந்த ஊழியத்தின் பாடு இதில்தான் இருக்கிறது.

நம் சபையில் ஒரு விதவைத் தாயார் உண்டு. கணவர் பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. பிள்ளைகள் பிரான்சில் குடியேறிவிட்டார்கள். வெள்ளத்தில் வந்த குட்டிகளில் ஒன்று, கால் சற்று விந்திய கறுப்புப் பெண் குட்டி, அவர் வீட்டுக்குப் போனது. கறுப்பு நிறம், பெண், நாட்டு நாய், நடையில் குறை. தத்து கேட்டு வந்தவர்கள் நாலு முறை அதைத் தாண்டிப் போனார்கள். மூன்று மாதத்துக்குப்பின் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து, அந்தக் கறுப்பியே வேண்டும் என்றது. தாயார் ஊசி அட்டையையும், அது படுத்த சாக்கையும், எந்நேரம் என்ன சாப்பிடும் என்று எழுதிய தாளையும் கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பியதும், "ஐயா, விமான நிலையத்தில் கையசைத்துக் கையசைத்துப் பழகியவள் நான். ஆனாலும் இது பழகவில்லை. கொஞ்ச நாள் என்னை விட்டுவிடுங்கள்," என்றார். நாங்கள் விட்டுவிட்டோம். ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவரே அந்தச் சகோதரியிடம் சென்று, "யாராவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

மோசேயின் தாயை நினைத்துப் பாருங்கள். நாணற்பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட தன் சொந்தப் பிள்ளையையே, பார்வோன் குமாரத்தியிடம் கூலி வாங்கும் செவிலியாக அவள் பாலூட்டி வளர்த்தாள். ஒரு நாள் அரண்மனைக்குக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தே வளர்த்தாள். யாத்திராகமம் 2:9-க்கும் 2:10-க்கும் இடையில் ஒரு தாயின் எத்தனை இரவுகள் அடங்கியிருக்கின்றன! திரும்பக் கொடுக்க வேண்டியது என்று அறிந்தும் குறையில்லாமல் நேசிப்பதை அவளிடம் கற்கிறோம். நம் பிள்ளைகளும், நம் வீடும், நம் நாட்களும் அப்படித்தானே நம்மிடம் தரப்பட்டிருக்கின்றன? நாம் உரிமையாளர் அல்ல, உக்கிராணக்காரர் என்று ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறேன். எட்டு வாரம் வளர்த்த குட்டியை இன்னொரு குடும்பத்தின் மடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அந்தப் பிரசங்கத்தைக் கையால் எழுதுகிறார்கள்.

எல்லாரும் நாய் வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு, பயப்படுகிறவர்கள் உண்டு. குரும்பாபேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு குட்டியை ஏற்றிச் செல்ல வண்டி தரலாம். பழைய துணியும் செய்தித்தாளும் தரலாம். சமாரியனைப்போல் இரண்டு பணம் தரலாம். மூப்பரைப்போல் தேதிகளைக் காக்கலாம். உங்கள் தெருவில் கருத்தடை செய்யப்படாத நாய்களைப்பற்றி நகராட்சிக்கு எழுதலாம். இரண்டு மாதம் ஒரு மூலையை ஒதுக்கிக்கொடுக்க முடிந்தவர்கள், ஞாயிறு ஆராதனைக்குப்பின் பொறுப்பாளரைச் சந்தியுங்கள். வீட்டில் எல்லாரும் சம்மதித்தபின் வாருங்கள்.

ஜெபம்: சகல ஜீவன்களுக்கும் ஏற்ற வேளையில் ஆகாரம் தருகிற எங்கள் பரம தகப்பனே, வாசலுக்கு வருகிற உயிரை ஏற்றுக்கொள்ளும் மனதையும், நேரம் வரும்போது வழியனுப்பும் பெலனையும் எங்களுக்குத் தாரும். எங்களால் ஏற்க முடியாமற்போன உயிர்களை உம்முடைய கரத்தில் ஒப்புவிக்கிறோம். பிள்ளைகளைக் கடியினின்றும் நோயினின்றும் காத்தருளும். எங்கள் வீடுகள் உமக்குரிய சத்திரங்களாக இருக்கட்டும். இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.